இருபத்து மூன்றோடு நின்ற கேள்வித்தாள்

மார்ச் 10, செவ்வாய், பகல் 1.40.

நேற்று நான் செய்த தவறு: தேர்வு முடிந்து எல்லோரும் எழுந்தபோது தரையில் ஒரு நீளத் தாள் கிடந்தது. யாருடையது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் எடுத்து மாஸ்டரின் மேஜையில் வைத்தேன். 'சின்னத் தவறு' என்று நேற்று எழுதியிருந்தேன். இன்று 'சின்ன' என்பதை அடித்துவிட்டேன்.

பேனாவை மூடியவள் மறுபடி திறந்து, 1.40 என்பதை 1.42 என்று திருத்தினாள்.

எதையும் எழுதி வைக்காமல் விடமாட்டாள் என்பதால் அவளுக்கு 'நோட்டு' என்று பேர். சொந்த அண்ணனே அப்படித்தான் கூப்பிடுவான். பகலில் ஒரு துப்பறியும் ஆபீசில் மற்றவர்கள் கண்டுபிடித்ததையெல்லாம் டைப் அடிப்பது அவள் வேலை. மாலையில் ஆங்கில வகுப்பு. அவளே கையில் எடுத்த முதல் வழக்கு இதுதான். வழக்கைக் கொடுத்தவர் என்று யாரும் கிடையாது. நேற்றிரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்ததுதான் மிச்சம்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவள் நேராகப் போனது அண்ணியின் ஜெராக்ஸ் கடைக்கு. அண்ணி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷினின் கண்ணாடி மேல் இரண்டு தாள்களை அருகருகே பரப்பி வைத்திருந்தாள். ஒன்று நேற்றைய கேள்வித்தாள். இன்னொன்று தரையில் கிடந்த அந்த நீளத் தாளின் நகல். வகுப்பை நடத்தும் கமிட்டி தன் உறுப்பினர்களுக்காக ஆறு நகல் எடுக்கச் சொல்லி அனுப்பியிருந்தது. அண்ணி ஏழு எடுத்திருந்தாள்.

"எது வந்தாலும் ஒண்ணு கூட எடுத்து வெச்சுக்கிறது என் பழக்கம். கமிட்டி முன்னாடி மட்டும் இதச் சொல்லிடாத தாயே" என்றாள் அண்ணி. கேள்வித்தாளையும் போன வெள்ளிக்கிழமை அவள்தான் நகல் எடுத்தாள். ஆகவே கேள்வித்தாளை வெளியே விட்டது யார் என்ற கமிட்டியின் சந்தேகப் பட்டியலில் அவள் கடை இரண்டாவது இடத்தில் இருந்தது. முதல் இடத்தில் இருந்தவர் வார்டு அக்கா.

வார்டு அக்கா ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடமாக நோயாளிகளைத் தூக்கி, திருப்பி, துடைத்து, படுக்கை மாற்றுகிறவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது; இனி ஆளைத் தூக்கக் கூடாது என்று அதே ஆஸ்பத்திரி டாக்டரே சொல்லிவிட்டார். விசாரணை மேஜையில் உட்கார்ந்து பதில் சொல்லும் வேலை ஒன்று காலியாகியிருந்தது. அதற்கு ஆங்கில வகுப்பின் சான்றிதழ் வேண்டும். நேர்முகம் நாளைக் காலை பத்து மணிக்கு. இன்று மாலை ஆறு மணிக்குக் கமிட்டி கூடி, வார்டு அக்காவுக்குச் சான்றிதழ் கிடையாது என்று கையெழுத்துப் போடப் போகிறது.

காரணம், அந்த நீளத் தாள். 'யாரோடது இது' என்று கமிட்டிச் செயலாளர் கேட்டதும், என்னுடையதுதான் என்று வார்டு அக்கா கையைத் தூக்கினார். அதில் தேர்வுக்கு வந்த விடைகள் அத்தனையும், தேர்வுக்கு வந்த அதே வரிசையில் இருந்தன. வகுப்பு முழுக்கப் 'பிட்டு' என்று கிசுகிசுத்தது.

ஆங்கிலத்தில் சில பெயரடைகளுக்குப் பின்னால் ஒரு குட்டிச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். அஃப்ரெய்ட் என்றால் ஆஃப். குட் என்றால் அட். இன்ட்ரஸ்டட் என்றால் இன். தேர்வு முழுக்க அதுதான். ஏன் இதற்கு இது என்று யாராவது கேட்டால் மாஸ்டர் கையை விரித்துவிடுவார். கல்யாணம் ஆனவர்களைப் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள், இவருக்கு ஏன் இவர் என்று கேட்கக் கூடாது, ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள் என்பார்.

"உங்க அண்ணனையும் என்னையும் எங்கேயோ பார்த்திருக்கார்" என்றாள் அண்ணி.

நோட்டு சிரிக்கவில்லை. கண்ணாடி மேல் இருந்த கேள்வித்தாளின் கடைசி வரியிலேயே அவள் கண் நின்றது. நேற்றிலிருந்தே அது செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

"அண்ணி, ஏன் இருபத்து மூணு கேள்வி?"

"கை வலிச்சிருக்கும்."

"ஒரு வாத்தியார் இருபது கேப்பார். இல்ல இருபத்தஞ்சு கேப்பார். இவர் இருபத்து மூணு கேட்டு, கேள்விக்கு நாலு மார்க்னு போட்டு, தொண்ணூத்து ரெண்டு வந்ததும் மிச்சம் எட்ட அழகான கையெழுத்துக்குக் குடுத்திருக்கார். இன்னும் ரெண்டு கேள்வி எழுத எவ்வளவு நேரம் ஆகும்?"

அண்ணி தாளைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நகலில் விரலை வைத்தாள். பதினாறாவது வரிக்கும் பதினேழாவது வரிக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தது. கேள்வித்தாளில் அப்படி எதுவும் இல்லை. பதினாறு, பதினேழு என்று நெருக்கமாகவே ஓடியது.

பார்த்து எழுதுகிறவள் இல்லாத இடைவெளியை எதற்காக விடுகிறாள்? நோட்டு அதையும் எழுதிக்கொண்டாள். எழுதியதும் சந்தேகம் வந்தது. நடுவில் யாராவது கூப்பிட்டிருக்கலாம். பேனா தீர்ந்திருக்கலாம். பெரிதாக ஊதி, கடைசியில் அக்காவை இன்னும் ஆழமாக மாட்டிவிடப் போகிறோமோ என்று எழுதியதையே மறுபடி படித்தாள்.

"கேட்டுட்டா தெரிஞ்சுடும்" என்று அண்ணி ஷட்டரை முழுசாக இறக்கினாள்.

ஆஸ்பத்திரிக்கு வெறுங்கையோடு போனால் சந்தேகப்படுவார்கள் என்று அண்ணி வழியில் ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கினாள். யாருக்கு என்று கேட்டதற்கு, உள்ளே போய் முடிவு செய்துகொள்ளலாம் என்றாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நோட்டு நின்றுகொண்டே வந்தாள். நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்க, கூட்டத்தோடு கூட்டமாக இரண்டாவது மாடி ஆண்கள் வார்டுக்குள் நுழைந்தார்கள்.

நீள அறை. ஜன்னல் பக்கம் பன்னிரண்டு கட்டில், எதிர்ச்சுவர்ப் பக்கம் பன்னிரண்டு. தலைமாட்டுச் சுவரில் கறுப்பு மையில் எண்கள். வார்டு அக்கா துணி வைத்த தள்ளுவண்டியோடு வாசலில் நின்றார். இவர்களைப் பார்த்ததும் அவர் முகம் இறுகியது.

"நான் எடுக்கல" என்றார், யாரும் கேட்காமலே. "எடுத்திருந்தா ஒளிச்சுல்ல வெச்சிருப்பேன்."

அந்த வரிசை எப்படி வந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்று நோட்டு கெஞ்சினாள். அக்கா அசையவில்லை. அதைச் சொன்னால் வார்டு விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும், வார்டில் பார்த்ததை வெளியே பேசக் கூடாது, பதினைந்து வருடத்தில் ஒரு நாளும் பேசியதில்லை, விசாரணை மேஜைக்குப் போக நினைக்கிறவள் இன்றைக்கா பேசுவாள் என்று கேட்டார். கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளினார்.

"பூட்டு நல்ல கம்பெனி" என்று அண்ணி முணுமுணுத்தாள்.

தாளை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நோட்டுவுக்கு வாய் வரவில்லை. வண்டிக்கு நாலடி பின்னால் நடந்தாள். ஒன்றாம் கட்டிலில் விரிப்பை இழுத்துச் செருகும்போது அக்காவின் உதடு அசைந்தது. இரண்டாம் கட்டிலில் தண்ணீர்க் குவளையை நகர்த்தும்போதும் அசைந்தது. மூன்றிலும். நோட்டு காதைத் தீட்டிக்கொண்டு இன்னும் ஓரடி முன்னால் போனாள்.

"டயர்ட் ஆஃப்" என்றது உதடு, மூன்றாம் கட்டிலில்.

நோட்டு நகலைப் பிரித்தாள். மூன்றாவது வரி, டயர்ட் ஆஃப். நாலாம் கட்டிலில், அலர்ஜிக் டு. நாலாவது வரியும் அதுவே.

மூன்றாம் கட்டில்காரர் ஒரு தையல்காரர். கால் கட்டோடு பதினெட்டு நாளாகப் படுத்திருக்கிறவர். அவரிடம் அண்ணி பிஸ்கட்டை நீட்டிய வேகத்தில் விஷயம் தானாகவே கொட்டியது. "அந்தம்மா எங்க எல்லாருக்கும் ஆளுக்கொரு இங்கிலீஷ் பேரு வெச்சிருக்கு. நான் இந்தக் கட்டில்ல கிடந்து அலுத்துப் போயிட்டேன்னு தினம் புலம்புவேன், அதனால நான் டயர்ட் ஆஃப். அடுத்தவருக்கு ஒரு மருந்து ஒத்துக்காது, அவரு அலர்ஜிக் டு. கோடிக் கட்டில்ல பேரனப் பத்தியே பேசிட்டிருக்காரே, அவரு ப்ரவுட் ஆஃப். போகும்போதும் வரும்போதும் எங்களச் சொல்லிச் சொல்லியே பாடம் படிச்சுது. நாங்களும் பாஸாயிடுவோம் போல."

வாத்தியார் ஜோடியை மனப்பாடம் செய்யச் சொன்னார். வார்டு அக்கா ஜோடிக்கு ஒரு மனிதரைப் பிடித்துவைத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம். நோட்டுவுக்கு உடனே உட்கார்ந்து அழவேண்டும் போலவும், எங்காவது ஓடவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் எண்ணினாள். பதினாறாம் கட்டில் வரை உதடு அசைந்தது. அடுத்து வண்டி ஒரு வெற்றிடத்தைப் பேசாமல் கடந்தது. சுவரில் 17 என்ற எண் இருந்தது. கீழே கட்டில் இல்லை. சக்கரம் உடைந்து பட்டறைக்குப் போய்ப் பதினைந்து நாள் ஆகிறது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். பதினெட்டாம் கட்டிலில் உதடு மறுபடி அசைந்தது.

இருபத்து நாலு எண்கள். இருபத்து மூன்று நோயாளிகள்.

"கட்டில் பதினேழு ஒழுங்கா இருந்திருந்தா கேள்வியும் இருபத்து நாலா வந்திருக்கும், இன்னும் நாலு மார்க் கூட" என்றாள் அண்ணி. ஆனால் அவள் குரலும் இறங்கியிருந்தது.

நோட்டு தன்னைத் தானே குறுக்கு விசாரணை செய்தாள். அக்கா கேள்வித்தாளைத் திருடி, பிறகு அதற்கேற்ற மாதிரி ஆட்களைப் பொருத்தியிருக்கலாமே என்று கமிட்டி கேட்கும். இந்தத் தாள் எப்போது எழுதப்பட்டது என்று தெரிய வேண்டும். மாஸ்டர் கமிட்டியிடம் சொன்னது அவள் நோட்டில் இருந்தது: கேள்வித்தாளைப் போன வியாழக்கிழமை ராத்திரிதான் உட்கார்ந்து எழுதினேன், வெள்ளிக்கிழமை காலை கடையில் கொடுத்தேன், அதற்கு முன்னால் அப்படி ஒரு தாளே கிடையாது.

அவள் திரும்பி நடந்து ஆறாம் கட்டிலின் முன்னால் நின்றாள். ஆறாவது வரி, ஜெலஸ் ஆஃப். கட்டிலில் இருந்த வாலிபன் கையில் மாவுக்கட்டோடு, யார் மேலும் எந்தப் பொறாமையும் இல்லாத முகத்தோடு, செல்போனில் மூழ்கியிருந்தான்.

அவனிடம் கேட்டபோது சிரித்தான். அது தன்னுடைய பேர் இல்லையாம், கட்டிலோடு வந்ததாம். தனக்கு முன்னால் இருந்த பெரியவர் எதிர்க்கட்டில் மேல் மட்டும் மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று நாளெல்லாம் பொருமிக்கொண்டிருந்தாராம். ஆள் மாறினாலும் ஆயாம்மா பேரை மாற்றவில்லை.

"அவர் எப்ப போனார்?"

"நான் வந்தது போன புதன் காலைல. அவர் செவ்வாய்க்கிழமையே டிஸ்சார்ஜ் ஆகிப் போயிட்டாராம்."

நோட்டுவின் பேனா தாளில் அழுந்தி ஓட்டை போட்டது. செவ்வாய்க்கிழமை போன மனிதரைப் பார்த்து எழுதிய வரி, வியாழக்கிழமை பிறந்த கேள்வித்தாளில் ஆறாவதாக நிற்கிறது.

வாசலில் வார்டு அக்காவிடம் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். அந்தத் தாள் எப்போதாவது அக்காவின் கையை விட்டுப் போனதா? அக்கா யோசித்தார். அது எப்போதும் வகுப்பு நோட்டுக்குள்தான் இருக்கும், அந்த நோட்டும் எங்கேயும் போனதில்லை என்றார். வண்டியைத் திருப்பிவிட்டுப் பிறகு நினைவு வந்தவராக, "புதன்கிழமை மாஸ்டர் எல்லார் நோட்டையும் வாங்கிட்டுப் போனாரே, அது ஒண்ணுதான்" என்றார்.

மாலை ஐந்து இருபதுக்கு வகுப்பறையில் மாஸ்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். கரும்பலகை துடைத்திருந்தது. ஏற்கெனவே துடைத்த பலகையை அவர் மறுபடியும் துடைத்தார். நோட்டு முன் பெஞ்சில் உட்கார்ந்தாள், எழுந்தாள், நின்றபடியே கேட்டாள்.

"ஏன் சார் இருபத்து மூணு கேள்வி?"

நேரம் பத்தாது என்று நினைத்தேன் என்றார். எல்லோரும் பாதி நேரத்திலேயே முடித்துவிட்டார்கள் என்றாள். அப்படியா என்றார். அண்ணி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மிச்ச பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். அந்தச் சத்தம் ஒன்றுதான் அறையில் கேட்டது.

நோட்டு தாளின் நகலை மேஜையில் வைத்தாள். யாருடைய நோயையும், யாருடைய குணத்தையும் அவள் சொல்லவில்லை. அது அக்காவின் வீட்டுப்பாடம். இருபத்து மூன்று என்பது அக்காவின் கணக்கு. நடுவில் உள்ள இடைவெளி அக்காவின் இடைவெளி. எழுதியது செவ்வாய்க்கிழமை அல்லது அதற்கு முன்னால். இவ்வளவுதான் சொன்னாள்.

"நீங்க வியாழக்கிழமைதான் எழுதினீங்க. இல்லாத தாள யாரும் திருட முடியாது சார். அப்ப ரெண்டும் ஒரே வரிசைல இருக்குதுன்னா, பார்த்து எழுதினது அவங்க இல்ல."

மாஸ்டர் டஸ்டரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் சுண்ணாம்புத் தூள் படிந்த தன் விரல்களையே பார்த்தார். பேச ஆரம்பித்தபோது வகுப்புக் குரல் போய்விட்டிருந்தது. போன வருடம் பழைய கேள்வித்தாளையே மறுபடி கொடுத்து மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று கமிட்டி எழுதியே கொடுத்திருந்தது. வியாழக்கிழமை, பகலில் அவர் பார்க்கும் வேறு வேலையில் இரண்டு ஆள் வராததால் மூன்று பேர் வேலையை ஒருவராகப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மேஜையில் நோட்டுகள் குவிந்து கிடந்தன. ஒரு நோட்டிலிருந்து இந்த நீளத் தாள் நீட்டிக்கொண்டிருந்தது. தப்பே இல்லாமல், முத்து முத்தான எழுத்தில்.

"வரிசைய மாத்திடணும்னுதான் நினைச்சேன். கண்ணு சொருகிடுச்சு. நேத்து செயலாளர் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, லீக் ஆயிடுச்சான்னு கேட்டார். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள ரிஜிஸ்டர்ல எழுதிட்டார்."

"அப்புறம் ஒரு ராத்திரி, ஒரு பகல் இருந்துச்சே சார்" என்றாள் அண்ணி. அதில் கிண்டல் இல்லை.

"சொன்னா எனக்கு வேலை போயிடும்மா."

நோட்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தாறு. இதையெல்லாம் தானே கமிட்டி முன்னால் படித்துவிடலாம்; நோட்டில் எல்லாம் தேதிவாரியாக இருக்கிறது. ஆனால் வார்டில் பார்த்ததைச் சொல்லாமல் முழுசாக நிரூபிக்க முடியாது. அக்கா தன் சான்றிதழைக் காப்பாற்றிக்கொள்ளக்கூடத் திறக்காத வாயை, தான் திறக்கலாமா என்று தெரியவில்லை.

"நான் சொன்னா அது ஒரு சந்தேகம். நீங்க சொன்னா முடிஞ்சுது. உங்களுக்கு வேலை போகலாம் சார். அவங்களுக்கு முதுகு போயிட்டிருக்கு."

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டார். கழற்றினார். மறுபடி போட்டார். ஆறு அடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது எழுந்து, தாழ்வாரக் கோடியில் இருந்த கமிட்டி அறைக்குள் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அடுத்த இருபத்தைந்து நிமிடத்தில் நோட்டு அந்தத் தாழ்வாரத்தைப் பதினோரு தடவை அளந்தாள். உள்ளே போனவர் எதைச் சொல்கிறாரோ என்று ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவின் முன்னால் நின்று கேட்டாள். ஆறே காலுக்கு, ஷிஃப்ட் முடிந்த உடுப்போடேயே வார்டு அக்கா படியேறி வந்தார். மேல் படியில் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நோட்டு அப்போதுதான் அந்த மன்னிப்பைக் கேட்டாள். வரிசையாக ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தையும் வரவில்லை. தப்பு என்னோடது என்று மட்டும் வந்தது. கீழே கிடந்தால் யாரும்தான் எடுப்பார்கள் என்றார் அக்கா.

கதவு திறந்தது. செயலாளர் வெளியே வந்தார், முகத்தில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. மாஸ்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார், அவரைப் பற்றி வெள்ளிக்கிழமை முடிவு செய்வோம், நேற்று ரிஜிஸ்டரில் எழுதியது ரத்து செய்யப்படுகிறது என்றார். வார்டு அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி வருத்தம் தெரிவித்தார். செயலாளர் அதோடு நிற்கவில்லை.

"ஆனா சான்றிதழ் தர முடியலம்மா. நீங்க எழுதின கேள்விதான் உங்களுக்கே கேள்வியா வந்திருக்கு. அது தேர்வுல சேராது."

திருடவில்லை என்று நிரூபித்த அதே ஆதாரம், தேர்வையே அடித்துக்கொண்டு போய்விட்டது. இதை முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா என்று நோட்டுவுக்குத் தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றியது. அண்ணி ஒருத்திதான் சுதாரித்தாள். நாளைக் காலையில் புதுத் தாள் வைத்தால் என்ன, பத்து மணிக்குள் முடிந்துவிடுமே என்று கேட்டாள். செயலாளர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். எட்டு மணிக்குத் தேர்வு என்றும், தானே கேள்வி எழுதுவதாகவும், சரியாக இருபத்தைந்து கேள்விகள் வேறு வரிசையில் இருக்கும் என்றும் சொன்னார். அக்காவால் அவ்வளவு சீக்கிரம் தயாராக முடியுமா என்றும் கேட்டார்.

வார்டு அக்கா இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த வரிசைல வேணா கேளுங்க சார். கட்டில மாத்திப் போட்டா எனக்கு என் பேஷண்ட்ட அடையாளம் தெரியாதா?"

மார்ச் 10, செவ்வாய், மாலை 7.05.

நாளை காலை 7.15க்குச் செயலாளர் வீட்டில் சாவி வாங்கி வகுப்பறையைத் திறக்க வேண்டும். முதுகைச் சாய்த்துக்கொள்ளும் நாற்காலி ஒன்றை ஆபீஸ் அறையிலிருந்து கொண்டுவந்து போட வேண்டும். பெஞ்சில் அக்காவால் முக்கால் மணி நேரம் உட்கார முடியாது. 8.00 தேர்வு. 8.45 திருத்தம், கையெழுத்து. 9.10 பஸ்ஸில் அக்காவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.